ஏர்சாஃப்ட் ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டினால் போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், எம்4 மாதிரியில் ஒரு எலெக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை (காற்றால் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் "345 எஃப்பிஎஸ், எல்லா மைதானத்திலும் விடுவார்கள்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார், எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு எத்தனை அடி என்கிற வேகம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் 0.20 கிராம் பிபி (அந்தப் பிளாஸ்டிக் குண்டு) போட்டு, வேகம் அளக்கும் கருவியான குரோனோவில் சுட்டபோது 385 வந்திருக்கிறது, அங்கே வரம்பு 350, அதனால் அன்றைக்கு ஆட விடவில்லை. இப்போது ஒரு நண்பர் ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்பிரிங்கை அமுக்கிய நிலையிலேயே ராத்திரி முழுக்க வைத்தால் தானாகத் தளர்ந்துவிடும் என்கிறார். எது சரி, பின்னால் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டுப் பழைய வேகத்துக்குக் கொண்டுவர முடியுமா, சக்தியைக் குறைத்தால் தூரம் போய்விடுமா என்பதுதான் உங்கள் கேள்வி. வெட்டலாமா கூடாதா என்பதைவிட, 385-ஐ நம்பகமாக 350-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது எப்படி என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று நினைக்கிறேன்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். கோயம்புத்தூர் பக்கம் ஸ்பிரிங் தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன், அப்புறம் இங்கிலாந்துக்கு வந்தபின் பன்னிரண்டு வருடமாக வார இறுதிகளில் ஏர்சாஃப்ட் கியர்பாக்ஸ் பிரித்துச் சேர்க்கிறேன், எனக்காகவும் கூட ஆடுகிறவர்களுக்காகவும். சட்டம் படித்தவன் இல்லை. அதனால் சட்டத்தைப் பற்றி நான் சொல்வதை ஆட்டக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃப்பிஎஸ் என்ற எண்ணை முதலில் ஜூலுக்கு மாற்றிவிடுங்கள், ஏனென்றால் சட்டம் பார்ப்பது ஜூலைத்தான். கிலோகிராமில் எடுத்த பிபி எடையில் பாதியை, நொடிக்கு மீட்டரில் எடுத்த வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. 0.20 கிராம் பிபி 350 எஃப்பிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு சுமார் 106.7 மீட்டரில் போனால் 1.14 ஜூல். உங்களுடைய 385 என்பது நொடிக்கு 117 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, கணக்குப் போட்டால் 1.38 ஜூல் வருகிறது. இங்கேதான் விஷயம் மைதான விதியைத் தாண்டிப் போகிறது. 2017-ல் வந்த போலீஸ் மற்றும் குற்றச் சட்டம் 1968-ன் துப்பாக்கிச் சட்டத்தில் 57ஏ என்ற பிரிவைச் சேர்த்தது, அதன்படி ஃபுல் ஆட்டோ, அதாவது விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து, சுடக்கூடிய ஏர்சாஃப்ட்டுக்கு 1.3 ஜூல், மற்றவற்றுக்கு 2.5 ஜூல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டினால் ஏர்சாஃப்ட் என்பதற்கான சட்ட விலக்கு போய்விடும், ஃபுல் ஆட்டோ சுடும் பொருளுக்கு அந்த விலக்கு போனால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்கிற வகைக்குள் விழுகிற ஆபத்து இருக்கிறது. "நான் செமியில்தானே (ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு) வைத்துச் சுடுகிறேன்" என்று சொல்லித் தப்ப முடியாது, அந்தத் துப்பாக்கியால் என்ன முடியும் என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே இதை அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், சரிசெய்யும் வரை வீட்டைவிட்டு வெளியே எடுக்கவும் வேண்டாம், ரிப்பேருக்குக் கொண்டுபோனால் ஒழிய.

விற்றவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இதே 1.38 ஜூலை 0.25 கிராம் பிபியில் சுட்டால் வேகம் எவ்வளவு வரும் தெரியுமா? 344. அவர் 0.25 போட்டு அளந்திருந்தால் அவர் பார்த்த எண்ணும் உண்மை, நீங்கள் பார்த்ததும் உண்மை. எடை சொல்லாத எஃப்பிஎஸ்ஸுக்கு அர்த்தமே இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது "எந்த எடையில்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இன்னொரு சாத்தியம், அளந்த பிறகு உட்குழலை மாற்றியிருக்கலாம். சாதாரணக் குழல் 6.08 மில்லிமீட்டர் உள்விட்டம், இறுக்கமான குழல் என்று விற்பது 6.03 அல்லது 6.01. பிபிக்கும் குழலுக்கும் நடுவே வீணாகும் காற்று குறைவதால் ஸ்பிரிங்கைத் தொடாமலேயே வேகம் கூடிவிடும். இந்த இரண்டில் உங்கள் விஷயத்தில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது, ஆனால் குழலை வெளியே எடுத்து வெர்னியரில் அளந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது ஸ்பிரிங். எலெக்ட்ரிக் துப்பாக்கியில் நடப்பது எளிமையானதுதான். மோட்டார் கியர்களைச் சுற்றுகிறது, செக்டர் கியரின் பற்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அமுக்குகின்றன, கடைசிப் பல் தாண்டியதும் பிஸ்டன் விடுபட்டு முன்னே பாய்கிறது, சிலிண்டரில் இருந்த காற்று நாசில் வழியாகப் பிபியைத் தள்ளுகிறது. டோக்கியோ மாருய் 1991-ல் ஃபாமாஸ் மாடலில் கொண்டுவந்த ஏற்பாடு இது, இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, ஸ்பிரிங் எப்போதுமே முழுதாகத் தளர்ந்து இருப்பதில்லை. பிஸ்டன் முன்னால் ஓய்வாக நிற்கும்போதே ஸ்பிரிங் ஓரளவு அமுங்கித்தான் இருக்கிறது. அதை முன்னழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன கெடும் என்று நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த முன்னழுத்தத்தைப் பற்றித்தான்.

ஒரு சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு மூன்று விஷயங்களால் முடிவாகிறது: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு ஏறும், அதனால்தான் 1.4 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 1.5 மில்லிமீட்டர் போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், விறைப்பு சுமார் 32 சதவீதம் கூடிவிடுகிறது. சுற்றுகளைப் பொறுத்தவரை நேர்மாறு. சுற்று குறைந்தால் விறைப்பு ஏறும். பலருக்கு இது நம்பமுடியாமல் இருக்கும், வெட்டினால் ஸ்பிரிங் பலவீனமாகும் என்றுதான் நினைக்கிறார்கள். வெட்டிய ஸ்பிரிங் ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்கும் முன்பைவிட அதிகமாகவே எதிர்த்துத் தள்ளும். பிறகு ஏன் வேகம் குறைகிறது என்றால், ஸ்பிரிங் குட்டையாகிவிட்டதால் மொத்தத்தில் குறைவாக அமுங்குகிறது, முன்னழுத்தம் போய்விடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ஸ்பிரிங்கில் வேறாக இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் 160 மில்லிமீட்டர் நீளம், 30 சுற்று, உள்ளே பொருத்தும்போது 110-க்கு அமுங்குகிறது, பிஸ்டன் பின்னால் வந்ததும் 60-க்கு அமுங்குகிறது என்று வையுங்கள். அதாவது 50 முன்னழுத்தம், 50 ஓட்டம். இதில் இரண்டு சுற்று வெட்டினால் சேமிப்பாகும் சக்தி 8 சதவீதம்தான் குறைகிறது, வேகம் அதன் வர்க்கமூலம் என்பதால் 4 சதவீதம் குறைந்து 385 என்பது 369 ஆகிறது. உங்கள் நண்பர் சொன்ன இரண்டு சுற்று வெட்டிவிட்டு மறுபடி மைதானத்துக்குப் போனால் மறுபடி திருப்பி அனுப்புவார்கள். நான்கு சுற்று வெட்டினால் 350, சரியாக விளிம்பில். ஐந்து வெட்டினால்தான் 339-க்கு வருகிறது. ஆனால் அந்த ஐந்து சுற்று போனபின் முன்னழுத்தம் 50-லிருந்து 23 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டது. விறைப்பு கூடியதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பின்னால் உச்சத்தில் இருக்கும் விசை 12 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, முன்னால் ஓய்வில் இருக்கும் விசையோ 44 சதவீதம் குறைந்துவிட்டது.

இது ஏன் முக்கியம்? பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் முழுதாக முன்னால் போய் உட்கார வேண்டும், அதற்குத் தேவையான தள்ளல் அந்த முன்னழுத்தத்திலிருந்துதான் வருகிறது. அது மெலிந்துபோனால், ஃபுல் ஆட்டோவில் வேகமான மோட்டாரும் 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியும் சேர்ந்தால், பிஸ்டன் முன்னால் போய்ச் சேருவதற்குள் செக்டர் கியர் அடுத்த சுற்றுக்கு வந்து பிடித்துவிடும். பல் பல்லோடு பொருந்த வேண்டிய இடத்தில் மோதும். இந்த வேலையை ஆரம்பித்த புதிதில், கூட ஆடும் ஒருவருக்காக நான் இப்படித்தான் சுற்றுகளை வெட்டிக் கொடுத்தேன், குரோனோவில் 340 வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று வாரம் கழித்து பிஸ்டனின் முதல் இரண்டு பற்கள் உரிந்துபோய் அதே கியர்பாக்ஸ் என் மேசைக்கு வந்தது. உள்ளே கிரீஸ் முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் தூள். செமியிலும் மெதுவான மோட்டாரிலும் இது நடக்க வாய்ப்பு குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்டிய ஸ்பிரிங்கோடு வருடக்கணக்கில் ஓடும் துப்பாக்கிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் குரோனோவில் வரும் எண் மட்டும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

வெட்டிய முனை இன்னொரு தொல்லை. தொழிற்சாலையில் ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் கடைசிச் சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டும்படி மூடி, தட்டையாகத் தேய்த்துத்தான் அனுப்புவோம், அப்போதுதான் விசை நேராகப் போகும். வெட்டிய முனை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஸ்பிரிங் கோணலாக அமுங்கும், பிஸ்டன் தண்டவாளத்தில் ஒருபக்கமாக உரசும், முனை பிளாஸ்டிக்கில் குடைந்துகொண்டே போகும். அதைச் சரிசெய்ய டார்ச் வைத்துச் சிவக்கச் சூடாக்கி மடக்குகிறார்கள். இந்தக் கம்பிக்குப் பலம் வருவதே குளிர்நிலையில் இழுத்து இழுத்து மெல்லியதாக்கியதால்தான், சிவக்கச் சூடாக்கிய இடத்தில் அந்தப் பலம் போய்விடும். கடைசி அரைச் சுற்றோடு சூடு நின்றால் பரவாயில்லை, அது எப்படியும் வேலை செய்யாத பகுதி. சூடு மேலே ஏறிவிட்டால் அங்கிருந்து தொய்வு ஆரம்பிக்கும்.

ராத்திரி முழுக்க அமுக்கி வைக்கும் யோசனைக்கு வருவோம். ஸ்பிரிங் தொழிற்சாலையில் சுருட்டிய பின் சூளையில் வைத்து உள்ளழுத்தம் தணித்து, அப்புறம் ஒவ்வொன்றையும் சுற்றோடு சுற்று ஒட்டும்வரை சில தடவை அமுக்கி விடுவார்கள். அப்போது அது தன் நீளத்தில் கொஞ்சத்தை இழக்கும், இழக்க வேண்டியதை அங்கேயே இழந்துவிட்டால் வாடிக்கையாளரிடம் போய் இழக்காது, கூடவே அமுக்கத்துக்கு எதிராக நிற்கும் ஒரு நல்ல உள்ளழுத்தமும் கம்பியில் தங்கிவிடும். ஒழுங்காக இப்படிச் செய்த ஸ்பிரிங்கை நீங்கள் ஒரு ராத்திரி அமுக்கி வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, சில எஃப்பிஎஸ் போகலாம். சரியாகச் செய்யாத மலிவான ஸ்பிரிங் என்றால் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் எவ்வளவு, எங்கே நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 385-லிருந்து 340-க்கு இந்த வழியில் வருவது நடக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இழுத்துவிடும் யோசனை இதைவிட மோசம். இழுத்து நீட்டினால் நீளம் கூடி முன்னழுத்தம் ஏறும், முதல் சில நூறு ஷாட்டுக்கு வேகமும் ஏறும், ஆனால் தொழிற்சாலையில் ஏற்றிவைத்த அந்த நல்ல உள்ளழுத்தத்தை நீங்கள் எதிர்த்திசையில் இழுத்து அழித்துவிட்டீர்கள், சீக்கிரமே தொய்ந்து முன்பிருந்ததைவிடக் கீழே வந்து நிற்கும். சுற்றுகளின் இடைவெளியும் ஒரே சீராக இருக்காது.

அப்படியானால் என்ன செய்வது? வேறு ஸ்பிரிங் வாங்குங்கள். பத்து பவுண்டுக்குள் முடிந்துவிடும், நீங்கள் வெட்டப்போகும் ஸ்பிரிங் முழுதாக அப்படியே மிச்சமும் இருக்கும். எம்90, எம்100, எம்110, எம்120 என்று போட்டிருப்பது 0.20 கிராமில் நொடிக்கு அத்தனை மீட்டர் வரும் என்கிற பெயரளவுக் குறி, எம்100 என்றால் 328 எஃப்பிஎஸ், எம்120 என்றால் 394. இந்தக் குறிக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது, ஒரு கம்பெனியின் எம்100 இன்னொரு கம்பெனியின் எம்105 போல இருக்கும், அதே ஸ்பிரிங் இரண்டு துப்பாக்கியில் இரண்டு எண் தரும். உங்கள் 385-ஐப் பார்த்தால் உள்ளே இருப்பது எம்120-க்கு அருகில் ஏதோ ஒன்று என்பது என் ஊகம். எம்100 போட்டால் 320-லிருந்து 335-க்குள் எங்கோ வரும் என்று எதிர்பார்க்கிறேன். எம்105 போட்டால் விளிம்புக்குப் போய்விடும் வாய்ப்பு இருக்கிறது. 349-ஐக் குறிவைக்காதீர்கள். மைதானத்துக்கு மைதானம் குரோனோ ஐந்து பத்து எஃப்பிஎஸ் வித்தியாசம் காட்டும், அந்த வித்தியாசத்துக்காகக் காலை எட்டரை மணிக்கு வரிசையில் நின்று வாதாடுவது வீண். 335 என்றால் நிம்மதியாக ஆடலாம்.

எம்100 போட்டும் கொஞ்சம் கூட வந்தால் இன்னும் மென்மையான வழிகள் இருக்கின்றன. ஸ்பிரிங் கைடில், அதாவது ஸ்பிரிங்கைப் பின்னாலிருந்து தாங்கும் தண்டில், பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங்கும் வாஷரும் சேர்ந்து சில மில்லிமீட்டர் தடிமன் சாப்பிடும், அது அப்படியே முன்னழுத்தமாகிறது. பிஸ்டன் தலைப் பக்கமும் ஒரு பேரிங் இருக்கலாம். ஏதாவது ஒன்றை எடுத்தால் பத்துக்குள் ஒரு எண் இறங்கும், ஸ்பிரிங்குக்கு எந்தச் சேதமும் இல்லை, வேண்டாமென்றால் திருப்பி வைத்துவிடலாம். எதிர்த்திசையில், ஐந்து பத்து ஏற்ற வேண்டுமென்றால் ஒரு வாஷர் சேர்த்தால் போதும், ஆனால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்த நிலையில் ஸ்பிரிங் சுற்றோடு சுற்று ஒட்டிவிடாமல் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்டால் செக்டர் கியர் மேலே இழுக்க இடமில்லாமல் எது பலவீனமோ அது உடையும்.

ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன் காற்று கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள், இந்த வரிசை மாறக்கூடாது. பத்து பிபி சுட்டு பத்து எண்ணையும் எழுதுங்கள். 385-க்குச் சுற்றி மூன்று நான்கு மேலே கீழே என்றால் கசிவு இல்லை. 360, 391, 372 என்று சிதறினால் பிஸ்டன் தலையின் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்), சிலிண்டர் தலை, நாசில், பிபிக்குப் பின்சுழற்சி கொடுக்கும் ஹாப் ரப்பர் இதில் ஏதோ ஒன்று ஒழுங்காக அடைக்கவில்லை. அந்தக் கசிவோடு சேர்த்து 340-க்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு நல்ல ஓ-ரிங் போட்டுக் கொடுத்தால், ஸ்பிரிங்கைத் தொடாமலேயே மறுபடி 370-க்குப் போய்விடுவீர்கள். அதேபோல ஓ-ரிங்கை வேண்டுமென்றே தளர்த்தி வேகத்தைக் குறைக்கிறவர்களும் உண்டு, அதைச் செய்யாதீர்கள். முன்னால் அமுங்கிக் கிடக்கும் காற்றுதான் பிஸ்டன் முட்டி நிற்பதைக் கொஞ்சம் மெத்தென்று ஆக்குகிறது, அது இல்லையென்றால் ஒவ்வொரு ஷாட்டும் கியர்பாக்ஸின் முன்பக்கத்தைச் சுத்தியால் அடிப்பது போல. எம்4-களில் வரும் வெர்ஷன் 2 கியர்பாக்ஸ் முன்பக்கத்தில்தான் விரிசல் விடும் என்பதை இந்த ஆட்டத்தில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

பிரிக்கிற விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மேகசினை எடுங்கள், குழலில் மாட்டியிருக்கும் பிபியைச் சுட்டு வெளியேற்றுங்கள், பேட்டரியைக் கழற்றி அடுத்த அறையில் வையுங்கள். சமீபத்திய எம்4-கள் பலவற்றில் கியர்பாக்ஸைத் திறக்காமலேயே ஸ்பிரிங் மாற்றலாம், ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்பகுதி) குழாயைக் கழற்றிவிட்டு நீண்ட ஆலன் கீயால் ஸ்பிரிங் கைடை உள்ளே அழுத்திக் கால் சுற்று திருப்பினால் விடுபட்டு வரும். மெதுவாக, ஆலன் கீயின் நுனியை விடாமல் வெளியே கொண்டுவாருங்கள், முகம் அதன் நேர்கோட்டில் இருக்கக் கூடாது. அந்த வசதி இல்லாத பழைய மாடல் என்றால் கியர்பாக்ஸை முழுதாக வெளியே எடுக்க வேண்டும், திறக்கும் முன் ஸ்பிரிங் பாதி இழுத்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், மாட்டியிருந்தால் கியர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் கொக்கியை மெல்ல விலக்கி பிஸ்டனை முன்னே விட்டுவிடுங்கள். பின்பக்கத் துளை வழியாக ஒரு ஸ்க்ரூ டிரைவரை ஸ்பிரிங் கைடுக்குள் செருகி அழுத்திப் பிடித்துக்கொண்டு கியர்பாக்ஸ் கூட்டின் மேல் பாதியைத் தூக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் வேலை செய்யும்போது கண்ணாடி போடாதவர்கள்தான் அதிகம், அமுங்கிய ஸ்பிரிங் எகிறுவதோ மேசையில்தான்.

கண்ணாடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், 350 வரம்பை நான் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வதற்கும் இதுதான் காரணம். கண்பாதுகாப்புக்கு நீண்டகாலமாகப் பயன்பட்டுவந்த ஐரோப்பியத் தரம் ஈஎன் 166. அதில் எஃப் என்று குறித்த கண்ணாடியை 6 மில்லிமீட்டர், 0.86 கிராம் எஃகு குண்டால் நொடிக்கு 45 மீட்டரில் அடித்துச் சோதிக்கிறார்கள், கணக்குப் போட்டால் 0.87 ஜூல். பி என்று குறித்ததை 120 மீட்டரில், அது 6 ஜூலுக்கு மேல். எஃகு குண்டும் பிளாஸ்டிக் பிபியும் ஒரே மாதிரி மோதுவதில்லை என்பது உண்மைதான், ஆனாலும் எஃப் கண்ணாடி சோதிக்கப்பட்ட அளவைவிட 350-லேயே நாம் மேலே இருக்கிறோம், உங்கள் துப்பாக்கி 1.38-ல் ஒன்றரை மடங்குக்கும் மேலே நிற்கிறது. மைதானத்தில் பாதிப் பேர் என்ன கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுடையதில் பி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், ஃபிரேமிலோ லென்ஸிலோ சின்னதாகப் பொறித்திருக்கும்.

புது ஸ்பிரிங் போட்டதும் முதல் நாள் எண்ணை நம்பி நிறுத்திவிடாதீர்கள். முதல் ஆயிரம் ஷாட்டுக்குள் சில எஃப்பிஎஸ் இறங்கி அப்புறம்தான் நிலைக்கும். 0.20-ல் அளப்பதோடு, நீங்கள் உண்மையில் ஆடப்போகும் எடையிலும் அளந்து ஜூலுக்கு மாற்றிப் பாருங்கள். 0.28 என்றால் அதே 1.14 ஜூலுக்கு வேகம் 296-க்கு மேல் போகக்கூடாது. கேஸ் துப்பாக்கியிலும், உயர் அழுத்தக் காற்றில் ஓடும் எச்பிஏ துப்பாக்கியிலும், சிலிண்டர் பெரிதாகவும் குழல் பொருத்தமாகவும் அமைந்த சில ஸ்பிரிங் துப்பாக்கிகளிலும், கனமான பிபி குழலுக்குள் மெதுவாக நகர்வதால் காற்று அதை இன்னும் கொஞ்சநேரம் தள்ளுகிறது, அதனால் ஜூல் தானாக ஏறும். சாதாரண எம்4-ல் இது பெரிதாக இருக்காது, ஆனாலும் இப்போது பல மைதானங்கள் ஆடும் எடையிலேயே அளக்கின்றன.

இவ்வளவு சொன்னபின்னும் சிலர் வெட்டத்தான் செய்வார்கள், ஸ்பிரிங் கிடைக்காத இடத்தில் இருக்கிறவர்களும் உண்டு. அப்படியானால் கட்டிங் பிளையரால் வெட்டாதீர்கள், இந்தக் கம்பி பிளையரின் வாயை உடைக்கும், துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. சுழலும் கட்டிங் டிஸ்க்கால், ஒரு தடவைக்கு ஒரு சுற்று, மறுபடி பூட்டி அளந்து, தேவைப்பட்டால் அடுத்தது. சூடாக்கும்போது மேலே உள்ள சுற்றுகளை ஈரத்துணியால் சுற்றிவிடுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் போகிறது என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் துப்பாக்கிக்குப் பொருத்தமே இல்லாதது.

சக்தியைக் குறைத்தால் தூரம் போய்விடுமே என்ற பயம் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் தெரிகிறது. பிபியை மிதக்க வைப்பது ஹாப் கொடுக்கும் பின்சுழற்சி. நல்ல ஹாப் ரப்பர், துடைத்துச் சுத்தமான குழல், 0.28 பிபி, இந்த மூன்றும் உள்ள 335 துப்பாக்கி, தேய்ந்த ரப்பரும் 0.20-ம் போட்ட 385 துப்பாக்கியைவிட தூரத்தில் இலையை விலக்கிக்கொண்டு நேராகப் போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் சுமை குறையும், பிஸ்டன் நீடித்து உழைக்கும்.

இன்னொன்று, இதை வேறு நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: மேலே சொன்ன வரம்புகள் இங்கிலாந்துக்கு மட்டும். ஜப்பானில் 2006-ல் திருத்திய சட்டப்படி சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல், 6 மில்லிமீட்டர் பிபிக்கு அது 0.989 ஜூலுக்கு வருகிறது, இங்கே சாதாரணமாக ஓடும் 350 துப்பாக்கி அங்கே குற்றம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அனுமதியில்லாமல் வைத்திருப்பதே சிக்கல், ஸ்பிரிங் பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் துப்பாக்கிக்குத் திரும்பினால்: குழலின் உள்விட்டம், ஸ்பிரிங் கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, பத்து ஷாட்டின் எண்கள், இவற்றை எழுதிப் போடுங்கள். எம்100 போதுமா, எம்95 வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். எண்கள் சிதறியிருந்தால் ஸ்பிரிங்குக்கு முன்னால் சிலிண்டரைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.